காய்கறிகளைப் பதனிடுந் தொழில்: அதன் வரவு செலவுக் கணக்கு

ஈரோடு ஜில்லாவில் ஒரே தோட்டத்தில் மஞ்சளும் தக்காளியும் பயிரிடுவது புதுமையன்று. இரண்டும் ஒரே கிணற்று நீரில் விளைகின்றன. ஒரே குடும்பத்தாரின் உழைப்பால் வளர்கின்றன. ஆயினும் அறுவடையானபின் இவ்விரண்டின் கதியும் வேறு வேறாகி விடுகின்றது. மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, மூட்டை பிடித்துவைத்த விவசாயி, ஏலத்தில் கேட்ட விலை தமக்கு ஒவ்வவில்லையெனில் கொடுக்க மறுத்து வீடு திரும்பலாம். சரக்கு கிடங்கிலேயே இருக்கும். தக்காளியைப் பெட்டிகளில் அடுக்கி விடியற்காலையில் மண்டிக்குக் கொண்டுசென்றவருக்கோ அவ்வுரிமை இல்லை. அன்று சொன்ன விலையே விலை. அவ்விலை பறிப்புக் கூலிக்கும் வண்டிச் சத்தத்திற்கும் போதாதபோது, பெட்டியைச் சாலையோரத்தில் கவிழ்த்துவிட்டு வெறும் பெட்டியுடன் ஊர் திரும்புவது உடுமலை, கிணத்துக்கடவு, ஒட்டன்சத்திரம், பாலக்கோடு முதலிய சந்தைகளை அறிந்தவர்கள் பலமுறை கண்ட காட்சியாகும்.

இத்தகைய ஒவ்வொரு வீழ்ச்சியின்போதும், "இங்கு ஒரு தக்காளி ஆலை வைத்தால் இக்கஷ்டம் தீரும்" என்ற பேச்சு எழுகின்றது. பேச்சு நியாயமானதே. ஆனால் ஆலை வைப்பதனால் மட்டும் கஷ்டம் தீருமா, தீருமானால் எந்த நிபந்தனைகளின் பேரில் தீரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் சிலரே. ஆலையில் பங்கு சேர விரும்பும் பட்டாதாரர்களும், ஆலைக்கு இடங்கேட்டு மனுச் செய்யும் கிராமத்தாரும், அம்மனுவுக்கு அறிக்கை எழுதும் கிராம அலுவலர்களும் அக்கணக்கை முதலில் அறிந்திருத்தல் அவசியம்.

தேசத்தின் நிலை

இந்திய தேசத்தில் 2021-22ஆம் ஆண்டில் விளைந்த காய்கறி 20 கோடி டன்னுக்கு மேற்பட்டது. உலகில் சீன தேசத்திற்கு அடுத்த இடம் இதுவே. தக்காளி மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி டன். இத்தனை பெரிய விளைச்சலில் ஆலைகளுக்குச் சென்று டப்பாவிலோ புட்டியிலோ பொடியாகவோ மாறுவது நூற்றுக்கு ஒரு சில பங்கே. மீதியெல்லாம் பச்சையாகவே விற்கப்பட்டு, பச்சையாகவே வீட்டு அடுப்பிற்கு வந்துசேர்கின்றது.

இடையில் பாழாவது எவ்வளவு என்பதையும் கவனிக்கவேண்டும். லூதியானாவிலுள்ள அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பத்திற்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, தக்காளியில் நூற்றுக்கு 12.44 பங்கும், பூக்கோசில் 9.56 பங்கும், வெங்காயத்தில் 8.20 பங்கும், உருளைக்கிழங்கில் 7.32 பங்கும் வயலுக்கும் கடைக்கும் இடையே வீணாகின்றன. மரவள்ளிக் கிழங்கில் 4.58 பங்கே வீண். பாதிக்குப் பாதி அழுகிப்போகின்றது என்று மேடைகளில் கூறப்படுவது மிகைக் கூற்றென்பது இதனால் விளங்கும். விவசாயிக்கு நேரும் பெருநஷ்டம் அழுகலால் வருவதன்று. விலைச் சரிவால் வருவது. அழுகலை ஒழித்துவிட்டால் வரத்து இன்னும் பெருகி விலை மேலுஞ் சரியக்கூடும் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் தக்காளி பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. தமிழ்நாட்டு சர்க்கார் பண்ணைப் பசுமைக் கடைகளிலும், சென்னையில் சில நியாய விலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்பனை செய்தது. அதன்பின் சில வாரங்களுக்குள் விலை பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. உயர்ந்த விலையைக் கண்டு நாற்று விட்டவர்கள், காய் பறிக்கும் காலத்தில் தாழ்ந்த விலையையே கண்டனர். இச்சுழலைத் தடுப்பதற்காகவே 2018-19ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றுக்கும் 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. வண்டிச் சத்தத்திலும் கிடங்கு வாடகையிலும் பாதியை சர்க்கார் ஏற்பது அதன் ஓர் அங்கம். பதனிடும் ஆலைகளுக்கு உதவுவது மற்றோர் அங்கம்.

நீரை விலைக்கு வாங்கும் ஆலை

தக்காளியில் நூற்றுக்கு 94 அல்லது 95 பங்கு நீர். ஆலை தேடுவது மீதமுள்ள திடப்பொருளை மட்டுமே. இந்த ஓர் உண்மையிலிருந்தே தக்காளி ஆலையின் கணக்கு முழுவதும் பிறக்கின்றது.

தக்காளிச் சாற்றில் கரைந்துள்ள திடப்பொருளை 'பிரிக்ஸ்' என்ற அளவையால் அளக்கின்றனர். சந்தைக்கு வரும் சாதாரணப் பழத்தில் இது 4 முதல் 5 வரை இருக்கும். வாணிபத்தில் வழங்கும் கெட்டிப் பசையில் 28 இருத்தல் வேண்டும். ஆகையால் நாலரை பிரிக்ஸ் உள்ள பழத்தில், தோல், விதை முதலிய கழிவுகளையுஞ் சேர்த்தால், ஒரு கிலோ பசைக்கு ஏறத்தாழ ஆறரை கிலோ பழம் வேண்டும். மீதி ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட நீரை எரிபொருள் செலவிட்டு ஆவியாக்க வேண்டும். அதாவது ஆலை நீருக்கு விலை கொடுத்து வாங்கி, வண்டிச் சத்தம் கொடுத்துக் கொண்டுவந்து, மறுபடியும் பணம் செலவிட்டு அதை ஆகாயத்தில் விடுகின்றது.

ஒரு கணக்கிற்காகப் பசை கிலோ 85 ரூபாய்க்கு விலைபோகின்றதென்று கொள்க. எரிபொருள், கூலி, பீப்பாய், பையுறை, வட்டி, யந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 35 ரூபாய் ஆகுமெனில், பழத்திற்கென மிஞ்சுவது 50 ரூபாய். அதை ஆறரையால் வகுத்தால், ஆலை வாசலில் பழத்திற்கு ஆலைக்காரர் கொடுக்கக்கூடிய உச்ச விலை கிலோவுக்கு 7 ரூபாய் 70 காசு. இதில் அவருக்கு இலாபம் ஒரு காசும் சேர்க்கப்படவில்லை. பழத்தின் விலை ஒரு ரூபாய் ஏறினால் பசையின் அடக்க விலை ஆறரை ரூபாய் ஏறுகின்றது. ஆகவே சந்தையில் பழம் 15 ரூபாய்க்கும் 20 ரூபாய்க்கும் விற்கும் நாட்களில் ஆலை வாங்காது, வாங்கவும் இயலாது.

அதே கணக்கில் பழம் ஐந்தரை பிரிக்ஸ் உள்ளதாயின், ஒரு கிலோ பசைக்கு ஐந்தரை கிலோவுக்கும் சற்றுக் குறைந்த பழமே போதும். அப்பொழுது ஆலைக்காரர் 9 ரூபாய்க்கு மேலும் கொடுக்க இடமுண்டு, எரிபொருளும் மிச்சமாகும். ஒரே ஒரு பிரிக்ஸ் வித்தியாசம் விவசாயிக்குக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் வித்தியாசம். சந்தைக்கென வளர்க்கும் இரகங்கள் கண்ணுக்கு அழகாகவும், வண்டியில் நசுங்காமலும் இருப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றுட் பல சாறு மிகுந்து திடப்பொருள் குறைந்தவை. சந்தையில் மிஞ்சிய பழத்தை ஆலைக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் இங்கேதான் முதலில் தடுக்கி விழுகின்றது. ஆலைக்கென விளைவிக்கும் தக்காளி வேறு பயிர் என்றே கருதுதல் நலம். பெங்களூரிலுள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்க்கா ரக்ஷக்' போன்ற சில கலப்பினங்கள் இரண்டுக்கும் ஏற்றவையாகச் சொல்லப்படுகின்றன.

அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாகாணம் இதை அறுபதாண்டுகளுக்கு முன்பே உணர்ந்துகொண்டது. அங்குள்ள பல்கலைக்கழகத்தார், யந்திரத்தால் ஒரே தடவையில் பிடுங்கி எடுக்கக்கூடியதாயும், எல்லாப் பழமும் ஒருசேரப் பழுப்பதாயும், தடித்த தோல் உடையதாயும் ஓர் இரகத்தை உண்டாக்கினர். அதற்கேற்ற அறுவடை யந்திரத்தையும் உடன் அமைத்தனர். மெக்ஸிகோவிலிருந்து கூலியாட்களை வரவழைக்கும் ஏற்பாடு 1964இல் நின்றுபோகவே, சில ஆண்டுகளுக்குள் அம்மாகாணத்தின் ஆலைத் தக்காளி அனைத்தும் யந்திர அறுவடைக்கு மாறிற்று. இன்று அங்கு ஆண்டுதோறும் 1 கோடி டன் அளவில் ஆலைத் தக்காளி விளைகின்றது. விலை விதைப்பதற்கு முன்பே விவசாயிகளின் சங்கத்துடன் பேசி முடிக்கப்படுகின்றது. 2023இல் அது அமெரிக்க டன்னுக்கு 138 டாலர், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 12 அல்லது 13 ரூபாய். கொங்கு நாட்டு விவசாயி இவ்விலையைக் கேட்டு வியக்கலாகாது. அங்கு ஏக்கருக்கு 40 டன்னுக்கு மேல் விளைகின்றது. இந்திய தேசத்தின் சராசரி ஏக்கருக்கு 10 டன்னை ஒட்டியதே. குறைந்த விலையால் ஆலை பிழைப்பதில்லை. மிகுந்த விளைச்சலால் பிழைக்கின்றது.

ஐம்பது நாள் ஆலையும் நூற்றைம்பது நாள் ஆலையும்

இரண்டாவது தடை காலத்தைப் பற்றியது. நாளொன்றுக்கு 100 டன் பழம் அரைக்கும் ஆலையொன்றிற்கு வட்டி, தேய்மானம், நிரந்தரச் சம்பளம் ஆகியவை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் என்று கொள்க. பழம் மலிவாகக் கிடைப்பது 50 நாட்களே எனின், உண்டாகும் பசை 770 டன். கிலோவுக்கு இவ்வகைச் செலவு மட்டும் 19 ரூபாய் 50 காசு. 150 நாள் ஓடுமானால் அதே செலவு கிலோவுக்கு 6 ரூபாய் 50 காசாகக் குறைகின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள 13 ரூபாய் வேறுபாட்டைப் பழத்தின்மேல் ஏற்றினால் கிலோவுக்கு 2 ரூபாய். ஆலை நெடுநாள் ஓடினால் விவசாயிக்கு 2 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம். குறுகிய காலம் ஓடினால் அந்த 2 ரூபாயைப் பூட்டிக்கிடக்கும் யந்திரம் தின்றுவிடும்.

பஞ்சாபில் ஹோஷியார்பூர் ஜில்லாவிலுள்ள ஜஹூரா என்னும் ஊரில் பெப்ஸி கம்பெனியார் 1989ஆம் ஆண்டையொட்டித் தக்காளிப் பசை ஆலை ஒன்றை அமைத்தபோது இத்தடையையே முதலில் சந்தித்தனர். அப்பகுதியில் பழம் கிடைத்த காலம் நான்கு வாரம் அளவே. ஆலைக்கு அதைப்போல் இருமடங்கு காலம் தேவையாயிருந்தது. எனவே கம்பெனியார் ஆலையை நடத்துவதோடு நில்லாமல், நாற்று உற்பத்தி செய்து கொடுப்பதும், நடவு முறையைத் திருத்துவதும், முன்பின்னாகப் பழுக்கும் இரகங்களைப் பரப்புவதுமாகிய விவசாய இலாகாவின் வேலைகளையே மேற்கொள்ள நேர்ந்தது. ஏக்கர் விளைச்சல் பன்மடங்கு உயர்ந்தது உண்மை. எனினும் 1995இல் அவ்வாலை ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

அங்கும் பிற இடங்களிலும் தக்காளி ஒப்பந்தங்களை உலைத்த காரணம் மிக எளியது. ஒப்பந்த விலை 8 ரூபாயாயிருக்க வெளிச்சந்தையில் 20 ரூபாய் விற்றால், விவசாயியின் வண்டி ஆலைப் பக்கம் திரும்புவதில்லை. வெளிச்சந்தையில் 2 ரூபாயாகும்போது எல்லா வண்டிகளும் ஒருங்கே ஆலை வாசலில் வந்து நிற்கின்றன. அப்பொழுது ஆலைக்காரர் பழம் பழுதென்று கழிக்கத் தொடங்குகின்றார். யாரைக் குற்றஞ் சொல்வதென்று தீர்ப்பது எளிதன்று. இரு திறத்தாரும் தத்தம் கணக்கின்படி நடந்தவர்களே.

தக்காளிப் பசைக்கு உள்நாட்டில் உள்ள கிராக்கியும் அளவுபட்டதே என்பதை இங்கே சொல்லி வைக்கலாம். ரசத்திற்கும் குழம்பிற்கும் புதுப் பழமும் புளியும் உபயோகிக்கும் குடும்பங்கள் பசையைத் தேடுவதில்லை. உணவு விடுதிகளும் 'சாஸ்' செய்யும் கம்பெனிகளுமே அதை வாங்குகின்றன.

உள்ளூரிலேயே உள்ள உதாரணங்கள்

பதனிடுந் தொழில் என்றவுடன் பஞ்சாபையும் கலிபோர்னியாவையும் நோக்க வேண்டியதில்லை. ஈரோடே அத்தொழிலின் பழைய நிலைக்களம். பச்சை மஞ்சளை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் களத்தில் உலர்த்தி, உருளையில் இட்டு மெருகேற்றினால், நூறு கிலோவுக்கு ஏறத்தாழ இருபது கிலோ உலர் மஞ்சள் கிடைக்கின்றது. தக்காளியைப்போலவே இங்கும் நீர்தான் வெளியேற்றப்படுகின்றது. ஆனால் அவ்வேலையைச் செய்பவர் விவசாயி. எரிபொருள் பெரும்பாலும் வெயில். யந்திரம் வாடகைக்கு ஊருக்கு ஊர் வருவது. நிரந்தரச் செலவு மிகச் சொற்பமாகையால், அறுவடை இரண்டு மாதத்திலே முடிந்தாலும் நஷ்டமில்லை.

வேக்காடு செய்யும் உபகாரங்களில் முதன்மையானது, சரக்கைக் காத்திருக்க வல்லதாக்குவதே. விரலியும் கிழங்கும் தனித்தனியே தரம் பிரிக்கப்பட்டு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், ஈரோடு, கோபிசெட்டிபாளையம் கூட்டுறவுச் சங்கங்களிலும், வியாபாரிகளின் கிடங்குகளிலும் ஏலத்திற்கு வருகின்றன. இக்கூடங்களின் ஆதியைத் தேடினால் 1933ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சந்தைச் சட்டத்திற்கும், அதன்கீழ் 1936இல் பருத்திக்காகத் திருப்பூரில் அமைந்த கூடத்திற்கும் செல்லவேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

காத்திருத்தலும் இலவசமன்று. 2010ஆம் ஆண்டில் குவிண்டால் 15,000 ரூபாயைக் கடந்த மஞ்சள், 2012இன் தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. இன்னும் ஏறுமென்று மூட்டையை வைத்திருந்தவர்கள் அடைந்த நஷ்டம் ஊரறிந்தது. ஒரு லட்சம் ரூபாய் பெறும் சரக்கைக் கிடங்கில் வைத்தால், நூற்றுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு வட்டி வீதத்தில் மாதம் 1,000 ரூபாய் வட்டியே ஆகின்றது. கிடங்கு வாடகையும் வண்டு அரிப்பும் வேறு. ஆகவே ஆறு மாதம் வைத்திருப்பவர், விலை நூற்றுக்கு ஆறு ஏறினால் இலாபமென்று எண்ணலாகாது. அது வட்டிக்குச் சரியாகிவிடும்.

தாராபுரம், பல்லடம் பக்கங்களில் சின்ன வெங்காயத்தை வயலோரத்தில் பட்டறை போட்டு வைப்பதும் இதே நோக்கமுடைய ஏற்பாடே. காற்றுப் புகும்படி அமைத்த அப்பட்டறைக்கு ஆகும் செலவு சிறிது; அதனால் கிடைக்கும் இரண்டு மூன்று மாத அவகாசம் பெரிது. வெள்ளை வெங்காயத்தை யந்திரத்தால் உலர்த்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகள் குஜராத்தில் பவநகர் ஜில்லாவைச் சேர்ந்த மஹுவாவில் திரளாக உள்ளன. திடப்பொருள் மிகுந்த வெள்ளை இரகம் அங்கு ஆலைக்கென்றே பயிராகின்றது.

அடுத்த உதாரணம் மரவள்ளி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது கீழ்நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வரவு நின்றுபோனதால் சேலத்தில் இத்தொழில் பிறந்தது. சேலம், நாமக்கல், ஈரோடு, தர்மபுரி ஜில்லாக்களில் இன்று இது வேரூன்றிய தொழில். கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவை உருட்டி வறுத்து ஜவ்வரிசியாக்குகின்றனர்; எஞ்சும் திப்பி கால்நடைத் தீவனத்திற்குச் செல்கின்றது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் கெட்டுவிடும். ஆயினும் தக்காளிக்கு இல்லாத ஒரு வசதி இதற்குண்டு: பிடுங்காமல் மண்ணிலேயே சில வாரம் விட்டுவைக்கலாம். மண்ணே கிடங்காகின்றது. எனவே ஆலைகள் பல மாதம் தொடர்ந்து ஓடுகின்றன; நூற்றைம்பது நாள் கணக்கு இங்கு இயல்பாகவே அமைந்துவிடுகின்றது.

1981ஆம் ஆண்டில் உற்பத்தியாளர்கள் கூடிச் சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். ஜவ்வரிசியும் மாவும் சங்கத்தின் கிடங்கில் வைக்கப்பட்டு, தரம் பார்த்து, ஏலத்தில் விற்கப்படுகின்றன; சரக்கின்மேல் முன்பணமும் பெறலாம். இதனால் ஆலைக்காரர் வடநாட்டு வியாபாரிக்கு அஞ்சி அவசர விலைக்கு விற்கும் நிலை நீங்கிற்று. ஆலைக்காரருக்குக் கிடைத்த இந்தப் பலம் கிழங்கு விளைவிப்பவருக்கு அதே அளவில் கிடைத்ததென்று சொல்ல இயலாது. கிழங்கின் விலை அதிலுள்ள மாவுச் சத்தின் 'பாயிண்ட்' கணக்கில் பேசப்படுகின்றது. பாயிண்டை அளக்கும் தராசு ஆலையின் பக்கத்தில் இருப்பதே விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. ஒரு பாயிண்ட் குறைத்துச் சொன்னால் ஒரு லாரிப் பாரத்தில் எவ்வளவு போகின்றது என்பதைக் கிழங்கு ஏற்றியவரெல்லாம் அறிவர்.

ஒப்பந்தப் பயிர்

முற்றிலும் ஆலைக்கென்றே உண்டான தொழில் ஒன்றும் தென்னாட்டில் இருக்கின்றது. ஊறுகாய் வெள்ளரி அல்லது 'கெர்கின்' என்பது அதன் பெயர். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கி, பின்னர் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா ஆகிய இராஜ்யங்களுக்குப் பரவிற்று. மத்திய சர்க்கார் 2022 ஜனவரியில் வெளியிட்ட விவரப்படி, 2020-21ஆம் ஆண்டில் 2,23,515 டன், 22 கோடி 30 லட்சம் டாலர் பெறுமானத்திற்கு ஏற்றுமதியாயிற்று. ஏறத்தாழ 90,000 சிறு விவசாயிகள் 65,000 ஏக்கரில் ஒப்பந்த முறையில் இதைப் பயிரிட்டனர். தொண்ணூறு நாட் பயிர்; ஏக்கருக்குச் சராசரி 4 டன் விளைச்சல்; 80,000 ரூபாய் வரவில் 40,000 ரூபாய் மிச்சம் என்பது அவ்விவரத்திற் கண்ட கணக்கு. காய்களை வினிகரிலோ உப்பு நீரிலோ இட்டுப் பீப்பாய்களிலும் புட்டிகளிலும் அனுப்புகின்றனர்.

தக்காளியில் தவறிய ஒப்பந்தம் வெள்ளரியில் நிலைத்ததன் காரணத்தை ஆராயவேண்டும். இக்காயை உள்ளூரில் யாரும் வாங்கித் தின்பதில்லை. வெளிச்சந்தை இல்லாமையால், விலை ஏறியபோது வேறிடம் செல்லும் ஆசைக்கு இடமில்லை. விவசாயியைக் கம்பெனியுடன் பிணைத்தது இதுவே. அவரைப் பலவீனராக்குவதும் இதுவே. கிலோவுக்கு எத்தனை காய் நிற்கும் என்ற எண்ணிக்கையைக் கொண்டு தரம் பிரிக்கின்றனர். 160க்கு மேற்பட்ட சிறு பிஞ்சுக்கு உயர்ந்த விலை. 30க்கும் கீழ்ப்பட்ட பருத்த காய்க்கு மிகத் தாழ்ந்த விலை. ஒருநாள் பறிப்புத் தவறினால் காய் அடுத்த தரத்திற்குப் பருத்துவிடும். ஆகையால் பறிப்பு ஆள் கிடைக்கும் குடும்பத்திற்கே இப்பயிர் ஏற்றது. ஆள் பஞ்சமுள்ள கிராமத்தில், ஏக்கர்க் கணக்கைப் பார்த்து மயங்கி இதில் இறங்குதல் அபாயம்.

தமிழ்நாட்டில் ஒப்பந்தச் சாகுபடிக்கெனத் தனிச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்து அதிகாரியிடம் பதிவு செய்தலும், விலையை முன்னரே குறித்தலும் அதன் முக்கிய ஏற்பாடுகள். வாய்ப்பேச்சில் முடித்த ஒப்பந்தத்திற்கு இச்சட்டத்தின் துணை கிட்டாது.

பங்கு சேருமுன் கேட்கத்தக்கவை

ஊருக்கு ஆலை வருகின்றதென்று கேட்டவுடன் பங்குப் பணம் கட்டுவோர், அவ்வாலை ஆண்டில் எத்தனை நாள் ஓடும், தக்காளி முடிந்தபின் எதை அரைக்கும் என்று முதலில் கேட்டல் வேண்டும். மாங்கூழ், தக்காளிப் பசை, நெல்லிச் சாறு எனப் பருவத்திற்கொரு சரக்கை ஒரே யந்திரத்தில் நடத்தக்கூடிய ஆலைக்கும், தக்காளியை மட்டும் நம்பிய ஆலைக்கும் மேலே கண்ட 13 ரூபாய் வேறுபாடு உண்டு. பசையை யார் வாங்குவர், எழுத்து மூலம் உறுதி உண்டா என்பதும் விசாரிக்கத்தக்கது.

சிறு அளவில் தொடங்க விரும்புவோர்க்கு 2020இல் மத்திய சர்க்கார் 10,000 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டம் வகுத்தது. யந்திரச் செலவில் நூற்றுக்கு 35 பங்கு, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், கடனோடு இணைத்து மானியமாகக் கொடுப்பது அதன் ஏற்பாடு. மானியம் யந்திரத்திற்கே உரியது. ஆண்டுதோறும் சரக்கு வாங்க வேண்டிய கைமுதல் அதனினும் பெரிதாயிருப்பதுண்டு. சிறு ஆலைகள் பல மூடிக்கிடப்பதற்கு யந்திரக் கோளாறு காரணமன்று. பருவத்தில் பழம் வாங்கப் பணம் இல்லாமையே காரணம். மோர் மிளகாய், சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல், முருங்கையிலைப் பொடி போன்றவற்றிற்குக் கைமுதல் குறைவு. வெயிலில் தூசி படாமல் உலர்த்த ஒரு சூரிய உலர்த்தியும், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெறும் பதிவும் இருந்தால் தொடங்கலாம். தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிலையமும் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இவற்றில் பயிற்சி அளிக்கின்றன.

கிராம அலுவலர்களின் பங்கும் இதில் சிறிதன்று. ஆலைக்கு இடந்தேடுவோர் முதலில் பார்ப்பது பயிர்ப் பரப்பின் கணக்கையே. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் அனைத்தையும் 'காய்கறி' என்ற ஒரே சொல்லில் அடங்கலில் எழுதிவைத்தால், எந்தப் பிர்காவில் எந்த மாதத்தில் எவ்வளவு தக்காளி கிடைக்கும் என்பது ஒருவருக்கும் புலப்படாது. நாளொன்றுக்கு 100 டன் வீதம் 150 நாளைக்கு 15,000 டன் பழம் வேண்டும். ஏக்கருக்கு 10 டன் வீதம் 1,500 ஏக்கர், அதுவும் ஒரே நாளில் நடப்படாமல் மாதவாரியாகப் பிரித்து நடப்பட்டது. நடவு மாதமும் இரகமும் பயிர்வாரியாக அடங்கலில் ஏறிய கிராமங்களில், இந்த 1,500 ஏக்கர் ஆலையைச் சுற்றி முப்பது மைலுக்குள் உண்டா இல்லையா என்பதை ஒரே நாளில் கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.